நூற்றெண்பது பேருக்குப் பத்தியம்

அந்த இரும்பு அலமாரித் தொழிற்சாலையில் அவளுக்குக் கரண்டியக்கா என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கையில் கரண்டி இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சே வராது. ஒரு தடவை உடம்பு சரியில்லாத ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவள், வெறுங்கையோடு என்ன பேசுவதென்று தெரியாமல் திணறி, கட்டிலோரம் சாய்த்து வைத்திருந்த குடையைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஆறுதல் சொன்னாளாம்.

பத்தொன்பது வருஷமாக அங்கே கேன்டீன் சமையல் அவளுடையது. மதியம் பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும். ஊதி வாய் மூடுவதற்குள் நூற்றெண்பது பேர் தட்டோடு வந்து நிற்பார்கள். தகடு வெட்டுகிறவர்கள், பற்றவைக்கிறவர்கள், வர்ணம் அடிக்கிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள் என்று ஒரு பட்டாளம். அவர்களுக்கு அவள் போட்டதெல்லாம் எண்ணெயில் முங்கிக் குளித்து எழுந்தவைதான். கிழங்கைப் பொரிப்பாள், மீனைப் பொரிப்பாள், வாழைக்காயைப் பொரிப்பாள். கீரையைப் பொரிக்க முடியவில்லையே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டவள். தட்டுக் கழுவுகிறவர்கள் வெந்நீர் இல்லாமல் கழுவ மாட்டோம் என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையை அவள் தன் சமையலுக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

நூற்றெண்பது பேரில் ஒருவர் அவள் புருஷன். வெல்டர். முப்பது வருஷம் நெருப்புப் பொறிக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்த்த மனிதருக்குப் பிடிவாதமும் பற்றவைத்த மாதிரியே கெட்டிப்பட்டுப் போயிருந்தது. பிரித்தெடுக்க வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும்.

ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். வெல்டர் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அலமாரிக் கதவு ஒன்றின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. யார் கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா, வாயு" என்றார். வாயு என்று சொன்னவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அனுப்பும்போது டாக்டர் அவரிடம் பேசவில்லை, அவளிடம் பேசினார்.

"எண்ணெய், உப்பு, பொரிச்சது மூணையும் அடியோட குறைக்கணும். பாதித் தட்டு காயா இருக்கட்டும். சோறு கால் தட்டு. இல்லேன்னா அடுத்த தடவை இங்க கொண்டு வந்து சேர்க்க நேரம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அந்த மனிதரின் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பது வேறு யாருடைய எண்ணெயும் இல்லை, தான் ஊற்றிய எண்ணெய் என்பது கரண்டியக்காவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. வீட்டுக்கு வந்து பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி, காரட்டும் பீன்ஸும் வேகவைக்கப் போனாள்.

அவர் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவருக்குத் தனி டப்பா. நன்றாகத்தான் செய்தாள். ஆனால் வெல்டர் அதைத் திறந்து பார்த்து மூடிவிட்டார்.

"என்னங்க, சாப்பிடலையா?"

"இது பத்தியம்."

"டாக்டர் சொன்னதுதானே?"

"பத்தியம்னா நோயாளி திங்கறது. நூத்தியெம்பது பேர் நடுவுல நான் மட்டும் டப்பாவைத் திறந்து புல்லு மேயணுமா? எல்லாரும் என்ன சாப்பிடறாங்களோ அதைப் போடு. இல்லேன்னா பட்டினி கிடக்கேன்."

கெஞ்சினாள், மிரட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். மூன்றாம் வாரம் டப்பா காலியாக வரத் தொடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு பத்து நாள்தான் நிலைத்தது. வாயிற்காவலர் ஒரு நாள் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்து, "உங்க கை வாழ்கக்கா, மூச்சு வாங்காம மாடி ஏறறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். டப்பா தினமும் எந்த வயிற்றுக்குள் போனது என்று அப்போது புரிந்தது. வெல்டரின் உடம்புக்கு வந்த வைத்தியத்தில் வாயிற்காவலர் இளைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். கையில் கரண்டி இருந்தது, அதனால் யோசனையும் வந்தது. எல்லாரும் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுவாராமே? சரி. எல்லாரும் பத்தியம் சாப்பிடட்டும்.

இந்த ரகசியத்தில் அவளுக்கு ஒரே ஒரு கூட்டாளி, காய் நறுக்குகிற பெண். அவளுக்கு வெங்காயம் என்று பெயர். வெங்காயம் உரிக்கும்போது மட்டும் அழ மாட்டாள், மற்ற எல்லாவற்றுக்கும் அழுவாள். திட்டத்தைக் கேட்டதும் அழுதாள்.

"நூத்தியெம்பது பேரையுமா அக்கா? தெரிஞ்சா நம்மளைத் தூக்கிப் பொரிச்சிருவாங்க."

"பொரிக்க எண்ணெய் இருந்தாத்தானே?" என்றாள் கரண்டியக்கா.

காதும் காதும் வைத்த மாதிரி வேலை ஆரம்பமானது. காய்க்கு இருபது கரண்டி எண்ணெய் ஊற்றுவது வழக்கம். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஒரு கரண்டி குறைத்தாள். ஒரே நாளில் பாதியாக்கினால் ஊர் கூடிவிடும், வாரத்துக்கு ஒரு கரண்டி போனால் நாக்குக்குத் தெரியாது என்பது அவள் கணிப்பு. வெங்காயத்தையும் பூண்டையும் அவசரப்படாமல் பொன்னிறம் தாண்டும்வரை வதக்கினாள். எண்ணெய் விட்டுப்போன இடத்தில் அந்த வாசனை போய் உட்கார்ந்துகொண்டது. உப்பைக் குறைத்த அன்று எலுமிச்சையைக் கூட்டினாள், மிளகைப் புதிதாக இடித்துத் தூவினாள். கிழங்கை வேகவைத்து, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்த இரும்புக் கல்லில் முறுக விட்டாள். மீன் பொரிவதை நிறுத்திவிட்டுத் தக்காளிச் சாற்றில் நீந்தப் போனது. அரிசியோடு தீட்டாத அரிசியை முதலில் ஒரு படி, பிறகு இரண்டு படி என்று சேர்த்தாள். அது வேக நேரமாகும் என்பதால் முந்தின நாளே ஊறப்போட்டுவிட்டுப் போவாள்.

இதையெல்லாம்விடப் பெரிய தந்திரம் வரிசையில் இருந்தது. முன்பெல்லாம் தட்டை நீட்டினால் முதலில் சோறு, கடைசியில் இடமிருந்தால் காய். அவள் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தாள். முதலில் காய், அடுத்து பருப்பு, அப்புறம் மீனோ முட்டையோ, கடைசியில் சோறு. சோற்றுக்கு வரும்போது தட்டில் இடம் இருக்காது. யார் கேட்டாலும், "ஜன்னல் பக்கம் காத்து அடிக்குது, சோறு ஆறிடுது, அதான் இந்தப் பக்கம் வச்சேன்" என்றாள். பொய் சொல்லும்போது கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவாள். எதிரே நிற்பவர்கள் கரண்டியைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆண்களின் நாக்கைப் பற்றி இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: சமையலைப் பற்றி அது பேசுகிற பேச்சில் நாலில் ஒரு பங்குகூட அதற்குத் தெரியாது. வர்ணம் அடிக்கிற பெயின்டர்தான் அந்தக் கூட்டத்தில் பெரிய ருசிக்காரர். ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, தீர்ப்புச் சொல்லுவார். பத்தாவது வாரம் அவர் கண்ணை மூடி, "மசாலா இன்னைக்குத் தூக்கல். எண்ணெய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அன்று எண்ணெய் பத்துக் கரண்டி. வெங்காயம் சிரிப்பை அடக்க முடியாமல் பின்னால் ஓடிப்போய் அழுதாள்.

வெல்டரும் சாப்பிட்டார். நூற்றெண்பது பேரோடு பெஞ்சில் உட்கார்ந்து முட்டி இடித்துக்கொண்டு, வெளுத்துக் கட்டினார். ராத்திரிக்கும் அவள் கேன்டீனிலிருந்து கொண்டுவருவதுதான். தினமும் அவர் தட்டு காலியாகித் திரும்பும்போது, அவளுக்கு அந்த ஒரு நாள் கையில் கிடைத்த மாதிரி இருக்கும். வேறு யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. அடுத்த தட்டுக்குக் காய் போடுவாள்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுற்றறிக்கை வந்து புகுந்தார்.

சுற்றறிக்கை என்பது ஒரு மனிதர். தொழிலாளர் நல அதிகாரி. குழாயில் தண்ணீர் சொட்டினாலும் சுற்றறிக்கை, குழாயை மூடினாலும் சுற்றறிக்கை. அவர் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தார். வந்த கையோடு கேன்டீனுக்குள் நுழைந்து, பாத்திரங்களைத் திறந்து பார்த்தார்.

"காய் நிறைய இருக்கே! எண்ணெயே மிதக்கலையே! இது ஆரோக்கிய உணவு இல்லையா?"

கரண்டியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெல்லாம் இல்லை சார், சாதாரணச் சாப்பாடு" என்று கரண்டியைச் சுற்றினாள். ஆனால் அந்த மனிதர் கரண்டியைப் பார்க்கிற ஜாதி இல்லை. மறுநாள் காலையில் கேன்டீன் வாசலில் கதவு அகலத்துக்கு ஒரு பலகை தொங்கியது. பச்சை எழுத்தில்: "நீண்ட ஆயுளுக்கு ஆரோக்கிய உணவு. இன்று முதல்."

இன்று முதலாம்! இரண்டரை மாதமாகத் தின்றுகொண்டிருப்பது என்னவாம்? அவள் அன்று செய்தது முந்தின நாள் செய்ததேதான். அதே பத்துக் கரண்டி, அதே மிளகு. சங்கு ஊதியது. கூட்டம் வந்தது. பலகையைப் படித்தது. தட்டை நீட்டிய முகங்கள் எல்லாம் ஊசி போட்டுக்கொள்ள நிற்கிற முகங்களாக மாறிவிட்டன.

பெயின்டர் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் நிஜமாகவே துக்கம் தெரிந்தது. "போச்சு. உப்பு இல்லை, உறைப்பு இல்லை. வெந்நியில காயைப் போட்டு எடுத்திருக்காங்க. நேத்து எப்படி இருந்துது! ஒரே நாள்ல இப்படிக் கெடுத்துட்டாங்களே."

"சப்புன்னு இருக்கு" என்றார் தகடு வெட்டுகிறவர். "வாயில வைக்க விளங்கலை" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், வாயில் வைக்காமலே. தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. பத்தொன்பது வருஷத்தில் அவள் முதல்முறையாகச் சோற்றைக் கொட்டினாள்.

வெல்டர் தட்டைத் தொடக்கூட இல்லை. பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நேரே தெருவைத் தாண்டிப் போய், எதிர்க் கடையில் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அன்றும் அங்கே, மறுநாளும் அங்கே. கேன்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரியும். கடைக்காரன் அரிகரண்டியில் எதையோ அள்ளி அவர் தட்டில் போடுவதும் தெரியும். ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் அவள் நெஞ்சில் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வரும்போது வாசலில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். "என்னங்க?" என்று ஓடினாள்.

"வாயு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும். அவள் ஏப்ரனைக் கழற்றாமலே நேரே சுற்றறிக்கையின் அறைக்குப் போனாள். பலகையை எடுக்கச் சொன்னால் எடுப்பாரா? மாட்டார். பெரிய முதலாளி வந்து பார்க்கப் போகிறார் என்றார். இந்தத் திட்டம் தன் குழந்தை மாதிரி என்றார். பெற்றவள் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள், அது அவருக்குத் தெரியாது. புருஷனுக்கு நெஞ்சுவலி, அவருக்கான பத்தியம் என்று உண்மையைச் சொன்னால் அதையும் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டுவிடுவார் என்ற பயத்தில் அவள் வேறு வழியில் போனாள்.

"சார், பலகையை எடுக்க வேணாம். இன்னொரு சுற்றறிக்கை போடுங்க."

சுற்றறிக்கையின் கை தானாகவே பேனாவுக்குப் போனது. "என்னன்னு?"

"தொழிலாளர் கோரிக்கையை ஏற்று, ஆரோக்கிய உணவு ரத்து. இன்று முதல் பழைய சாப்பாடு."

"அப்ப என் திட்டம்?"

"கோரிக்கையை ஏற்ற அதிகாரின்னு பேர் வரும் சார். இதுவரைக்கும் இங்க யாரும் எதையும் ஏத்ததே இல்லை."

அவர் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. "ஆனா எண்ணெயை மட்டும் கொஞ்சம் பாத்து ஊத்தும்மா" என்று அவளுக்கு அறிவுரையும் சொன்னார். "சரிங்க சார்" என்றாள் பணிவாக.

மறுநாள் பச்சைப் பலகை இருந்த இடத்தில் சிவப்புப் பலகை. "பழைய சாப்பாடு மீண்டும்!" பாத்திரத்தில் அதே காய், அதே பருப்பு, அதே பத்துக் கரண்டி. சங்கு ஊதியது. இவர்கள் ஏமாறவில்லையென்றால் அந்த மனிதர் கடையை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவளிடம் வேறு சூழ்ச்சி எதுவும் பாக்கி இல்லை.

கூட்டம் பலகையைப் படித்தது. யாரோ விசிலடித்தார்கள். பெயின்டர் ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டது என்று வெங்காயம் இன்றும் சத்தியம் செய்கிறாள். "இதுதான்யா சாப்பாடு! மூணு நாள் பட்டினி போட்டுக் கொன்னுட்டாங்களே. அக்கா, எண்ணெய் மணக்குது அக்கா!" இன்னொரு முறை காய் வேண்டும் என்று வரிசையில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

கூச்சல் தெருவைத் தாண்டி எதிர்க் கடைவரை கேட்டிருக்கிறது. வெல்டர் எழுந்து வந்தார். சிவப்புப் பலகையை நின்று நிதானமாகப் படித்தார். "இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். கரண்டியக்கா தலையைக் குனிந்துகொண்டு காயை மலை மாதிரி அள்ளிப் போட்டாள். குனியாவிட்டால் அழுதது தெரிந்திருக்கும்.

அப்புறம் தடங்கல் இல்லை. எண்ணெய் எட்டுக் கரண்டிக்கு வந்து நின்றது. பேன்ட் எல்லாம் தொளதொளத்தது. அதற்குச் சலவைக்காரரில் தொடங்கிக் கட்டின மனைவிவரை எல்லாரையும் குறை சொன்னார்கள். பெயின்டர் ஒரு கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, துணியெல்லாம் இந்தக் காலத்தில் தரம் கெட்டுவிட்டது என்றார்.

ஆறு மாதம் கழித்து வெல்டரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சீட்டைப் பார்த்தார், பழைய சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கே! பத்தியத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டீங்க போல" என்றார்.

"பத்தியமா?" வெல்டர் நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நெஞ்சு அவளுக்கு எவ்வளவு வேலை வைத்தது! "ஒரு நாள் பத்தியம் இருந்ததில்லை டாக்டர். கேன்டீன்ல எல்லாரும் சாப்பிடறதைத்தான் வயிறு முட்டச் சாப்பிடறேன். மனசுல தெம்பு இருக்கணும், அவ்வளவுதான்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். டாக்டருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டு, "வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் கையை நீட்டுங்கம்மா" என்று ரத்த அழுத்தப் பட்டையை அவள் கையில் சுற்றினார். சுற்றிப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். மறுபடி காற்றடித்துப் பார்த்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தமும் எடுத்தார்.

"நீங்க என்னம்மா சாப்பிடறீங்க?"

யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவளே கேட்டுக்கொண்டதில்லை. நூற்றெண்பது பேருக்குப் போட்டு முடிக்க மூன்று மணி ஆகும். முன்பெல்லாம் காய்தான் மிஞ்சும். இப்போது காய்க்கு அடிபிடி, ஒரு துண்டு மிஞ்சுவதில்லை. அவருக்கு ராத்திரிக்கு வேண்டிய காயை முதலிலேயே எடுத்து ஒளித்துவிடுவாள். மிச்சம் பானை அடியில் ஒட்டிய சோறு. அதை நின்றபடியே இரண்டு வாய். அதுவரை பசியை அடக்க மூன்று கரண்டிச் சர்க்கரை போட்ட டீ, ஒரு நாளைக்கு ஆறு தடவை.

அவள் சொல்லச் சொல்ல, வெல்டரின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

மறுநாள் சங்கு ஊதியது. வரிசையில் முதல் ஆளாக வெல்டர் நின்றார். தட்டை நீட்டினார், காய், பருப்பு, மீன், ஓரத்தில் சோறு. வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து, மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டார்.

"உட்காரு."

"என்னங்க, கூட்டம் நிக்குது."

"நிக்கட்டும். வெங்காயம் போடும். நீ உட்காரு. சுடச்சுட இதைச் சாப்பிடு."

வெங்காயம் கரண்டியை வாங்கிக்கொண்டு, அழ ஆரம்பித்தாள். கரண்டியக்கா வெறுங்கையோடு டின் மேல் உட்கார்ந்தாள். பேச்சு வரவில்லை.

வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பத்தியம் கித்தியம் ஒண்ணும் தெரியாது. நான் என்ன சாப்பிட்டுத் தேறினேனோ அதையே நீயும் சாப்பிடு. நீ இல்லாத வீட்டுல நான் நூறு வயசு இருந்து என்ன பண்றது? இனிமே நீ சாப்பிட்டாத்தான் நான் தட்டைத் தொடுவேன்."

முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் இவ்வளவு பேசினதில்லை. அவளுக்குக் கண் மறைத்தது. ஒரு வாய் அள்ளி வைத்துக்கொண்டாள். ஆறு மாதமாக ருசி பார்க்க நுனி நாக்கில் தொட்டதோடு சரி, உட்கார்ந்து ஒரு வாய் முழுசாகத் தின்பது இதுதான் முதல் தடவை. மென்றாள், யோசித்தாள், அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு கம்மியா இருக்குங்க."

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடு" என்றார் வெல்டர். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."